சந்தியாகப்பர் வழியில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பிரான்சின் எல்லையோர ஊரான சான் ழான் பியே தெ போரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா வரை, சுமார் 780 கிலோமீட்டர், நடந்து முடித்து ஊர் திரும்பிவிட்டேன். இயேசுவின் சீடரான சந்தியாகப்பர் (யாக்கோபு) கல்லறையை நாடி 9ஆம் நூற்றாண்டிலிருந்து மக்கள் போய்வரும் யாத்திரை இது. “தனியாகவா போனாய்?” என்றுதான் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கிளம்பியது தனியாகத்தான். போய்ச் சேர்ந்தது யார் யார் தயவில் என்று எழுதிவைக்காவிட்டால் மனசு ஆறாது.

முதல் நன்றி, மறைந்துவிட்ட இருவருக்கு. 11ஆம் நூற்றாண்டில் மடத்தில் இடம் கிடைக்காமல் திரும்பிய தொமிங்கோ, யாத்ரீகர்களுக்காகக் காட்டை வெட்டிப் பாதை போட்டார், ஓஹா ஆற்றுக்குப் பாலம் கட்டினார், தங்க விடுதியும் கட்டினார். 1109இல் இறந்தார், அவர் விடுதி கட்டிய ஊருக்கே இன்று அவர் பெயர்தான். இன்னொருவர் ஓ செப்ரெய்ரோ மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யா. பாதையை ஊரே மறந்துகொண்டிருந்த 1980களில், மஞ்சள் பெயிண்டை எடுத்துக்கொண்டு போய் அம்புக்குறிகள் வரைய ஆரம்பித்தவர். மரத்தில், மதிலில், பாறையில் என்று அந்த அம்பு இன்றும் கூடவே வருகிறது. ஸ்பானிய மொழி தெரியாத நான் வழி கேட்காமல் நடந்தது அவர் புண்ணியத்தில். இப்போது ஆண்டுக்கு 4 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

அப்புறம், விடுதித் தொண்டர்கள். பெரும்பாலும் முன்பு இதே வழியில் நடந்தவர்கள். சம்பளம் இல்லாமல் வந்து வேலை செய்கிறார்கள். கிரான்யோன் கோவில் விடுதியில் தரையில் மெத்தை, எல்லோருக்கும் ஒரே பந்தி. காணிக்கைப் பெட்டி திறந்தே இருக்கிறது: முடிந்ததைப் போடலாம், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். காஸ்த்ரோஹெரிஸ் தாண்டி, ஆற்றோரம் இருக்கும் சான் நிக்கோலாஸ் விடுதியில் சாப்பாட்டுக்கு முன் யாத்ரீகர்களின் பாதத்தைக் கழுவுகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கோவிலில் பங்குச் சாமியார் செய்வதைப் பார்த்துப் பழகிய சடங்குதான். ஆனால் கொப்புளமும் பிளாஸ்திரியுமாக இருந்த என் காலில் ஒரு பெரியவர் குடத்து நீரை ஊற்றித் துடைத்து, குனிந்து முத்தமிட்டபோது கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. ஐயா, உங்களுக்குத் தனி நன்றி.

கொப்புளத்தில் ஊசிநூல் கோத்து நீர் வடியவிட்ட கொரிய அக்காவுக்கும், வெயில் கொளுத்திய மெசேத்தா சமவெளியில் தண்ணீரைப் பங்கிட்ட தம்பிகளுக்கும் நன்றி.

சாரியாவிலிருந்து கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மட்டும் நடந்து சான்றிதழ் வாங்குபவர்களைச் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லீவு கிடைத்த அளவுக்குத்தானே நடக்க முடியும்? சொல்லப்போனால், அந்தக் காலத்தவர்கள் வீட்டுக்கும் நடந்தே திரும்பினார்கள். நாமெல்லாம் விமானம் ஏறிவிடுகிறோம்.

வீட்டில், தங்கச்சிமடம் வேர்க்காட்டு சந்தியாகப்பரிடம் எனக்காக வேண்டிக்கொண்ட அம்மாவுக்கும், என் வேலையைச் சேர்த்துப் பார்த்த அலுவலக நண்பர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள். என் முதுகுப்பையும் மழைக்கோட்டும் சும்மாதான் கிடக்கின்றன. ஷூவை மட்டும் கேட்காதீர்கள், அது அங்கேயே பிய்ந்துவிட்டது.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்