ஆறாவது பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இந்தக் காலத்துப் பையன்களின் ராக் இசை பற்றி எழுதியவர், ‘தொண்டை கிழியக் கத்துவதெல்லாம் பாட்டா?’ என்று கேட்டிருந்தார். மூன்று மாதம் முன்பு என்றால் நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டியிருப்பேன்.

செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் 1987 முதல் 2005 வரை காசெட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. என் தங்கையைக் கட்டிக் கொடுத்ததும் புனலூரில்தான். அவள் மகன் திருவனந்தபுரத்தில் மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து, ஹார்ட்கோராம், வேகமாகக் கத்திப் பாடும் ஒரு வகை ராக், அதில் ஒன்பது பாட்டு போட்டிருக்கிறான். மொத்தமே 22 நிமிடம். கம்பெனி கிடையாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர்களே வெளியிடுகிறார்கள், அதுவும் காசெட்டில். “மாமா, உங்க காசெட் டெக் ஓடுதா?” என்று வந்து நின்றான். கடையை மூடியபோது பிரிக்காமல் பரணில் போட்ட வெற்றுக் காசெட் 60 இருந்தது. ரப்பர் பெல்ட்டை மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அவன் லேப்டாப்பிலிருந்து வயர் போட்டு உட்கார்ந்தேன்.

பழைய நாடா, எந்த இடத்தில் சத்தம் அமுங்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டுத்தான் பதிய வேண்டும். ஆறு நாள், 60 தடவை. என் வீட்டுக்காரி இரண்டாம் நாளே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கும் முதல் பத்துத் தடவை தலைவலிதான். டெக்கில் சத்த அளவைக் காட்டும் முள் சிவப்பை விட்டு இறங்கவே இல்லை. பதினெட்டு வருஷம் முள்ளைச் சிவப்புக்குப் போகவிடாமல் பார்த்துக்கொண்டு சோறு தின்றவன் நான்.

அப்புறம் காது பழகியது. ஆறாவது பாட்டில் டிரம்ஸ் சட்டென்று நின்றுவிடும். ஒரே ஒரு கிட்டார், அதன்மேல் ஒருத்தன் அப்பாவைக் கூப்பிடுகிறான். கூப்பிடக் கூப்பிடக் குரல் உடைகிறது. கடைசி வரியில் வெறும் மூச்சுதான் வருகிறது. “அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பாடியிருக்கலாமே” என்றேன். மருமகன் பதில் சொல்லவில்லை, சிரித்தான்.

அந்த நாளில் என் கடையில் பாட்டு மட்டுமா பதிந்தோம்? கல்ஃபில் இருக்கும் புருஷனுக்குக் கடிதம் எழுத வராத பெண்கள் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். 1991 என்று நினைவு. ஆரியங்காவு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, ஓடு மாற்றியது என்று ஒழுங்காகப் பேசிக்கொண்டே வந்தவள், பாதியில் குரல் அடைத்து அரை நிமிடம் அழுதாள். நான் ரீவைண்ட் பட்டனில் கை வைத்தேன். “வேண்டாம் அண்ணாச்சி, அவுக கேக்கட்டும்” என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் நினைத்ததே இல்லை.

சொந்தக் காசில் வெளியிடுவதும், இப்படிக் கத்திப் பாடுவதும் இவன்கள் கண்டுபிடித்த வழக்கமில்லை. மருமகன் சொல்லித்தான் எனக்கும் தெரியும்: அமெரிக்காவில் வாஷிங்டனில், 1980இல், டீன் ஐடில்ஸ் என்ற பொடியன்கள் கச்சேரியில் சேர்த்த காசைப் போட்டு எட்டுப் பாட்டுள்ள சின்ன ரெக்கார்டைத் தாங்களே வெளியிட்டார்கள். உறையையும் அவர்களே வெட்டி, மடித்து, பசை போட்டு ஒட்டினார்கள். அதற்காகத் தொடங்கிய டிஸ்கார்ட் என்ற லேபிளில்தான் 1985இல் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழுவின் ஆல்பமும் வந்தது. கோபத்துக்கே பேர்போன ஹார்ட்கோர் இசையில் துக்கத்தையும் இழப்பையும் அதே வேகத்தில் கத்திப் பாடியவர்களாம். டிஸ்கார்ட் என்றால் அபசுரம் என்று அர்த்தம் வருமாம். பேர் வைத்தவனுக்கு நல்ல குசும்பு.

கம்பெனி ரெக்கார்டாக இருந்தால் அந்த ஆறாவது பாட்டின் கடைசி வரியைத் திரும்பப் பாடவைத்திருப்பார்கள். கம்பெனி என்ன, நானே பாடவைத்திருப்பேன். அதற்காக ஒன்பதும் நல்ல பாட்டு என்று சொல்ல வரவில்லை. மூன்றாவது எனக்கு இன்றைக்கும் இரைச்சல்தான்.

இரண்டு காசெட்டை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். கட்டுரையாளருக்கு ஒன்றை அனுப்பலாம், ஆனால் டெக்குக்கு எங்கே போவார்? குற்றாலம் வந்தால் அப்படியே செங்கோட்டைக்கும் வரச் சொல்லுங்கள், போட்டுக் காட்டுகிறேன். ஆறாவது பாட்டு வரும்போது மட்டும் நான் வாசலில் போய் நின்றுகொள்வேன்.

இப்படிக்கு,
பழைய காசெட் கடைக்காரர்,
செங்கோட்டை