ஜோப்ரயத்துக்கும் ஜேன் கவுண்டிக்கும் ஓர் இடம்

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளையினருக்கு,

வணக்கம். பாடகர் டேவிட் போவியை உங்கள் கௌரவப் பட்டியலில் 1996இலேயே சேர்த்துவிட்டீர்கள். லூ ரீடை 2015இல், ராக்ஸி மியூசிக்கை 2019இல், மார்க் போலனின் டி. ரெக்ஸை 2020இல். ஜிகினாவும் ஒப்பனையுமாக ஆண்கள் மேடையேறிய எழுபதுகளின் ராக் இசையான கிளாம் ராக் கணக்கு முடிந்தது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எனக்கு இன்னும் இரண்டு பெயர்கள் பாக்கி இருக்கின்றன: ஜோப்ரயத், ஜேன் கவுண்டி.

போவியைக் குறைத்துப் பேச வரவில்லை. இங்கிலாந்தில் 21 வயது நிரம்பிய இரண்டு ஆண்கள் தனியிடத்தில் உறவு கொள்வது குற்றமில்லை என்று சட்டம் வந்ததே 1967இல்தான். ஸ்காட்லாந்துக்கு அது 1980இல்தான் வந்தது. அந்தக் காலத்தில், 1972 ஜனவரியில், தான் ஒரு கே, அதாவது தன்பாலீர்ப்பாளன், என்று மெலடி மேக்கர் இசை இதழில் அவர் சொன்னது சின்ன விஷயமில்லை. அதே வருடம் ஜூலை 1ஆம் தேதி லண்டனில் தன்பாலீர்ப்பாளர்களின் முதல் பிரைட் ஊர்வலம் நடந்தது. சரியாக ஐந்தாம் நாள், டாப் ஆஃப் த பாப்ஸ் டிவி நிகழ்ச்சியில் ‘ஸ்டார்மேன்’ பாடிக்கொண்டே அவர் கிட்டார் கலைஞர் மிக் ரான்சனின் தோளில் கை போட்டார். எங்கள் ஊரில் ஆண்கள் தோளில் கை போட்டுத்தான் நடப்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று முதலில் எனக்கு விளங்கவே இல்லை. அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சியில், கண் மையும் ஜிகினா உடையுமாக ஓர் ஆண் இன்னோர் ஆணை அப்படி அணைத்தால் அன்றைய பிரிட்டனில் அதற்கு வேறு அர்த்தம்.

ஆனால் போவியால் அந்த வேடத்தைக் கலைத்துவிட்டுப் போக முடிந்தது. 1983இல் ரோலிங் ஸ்டோன் பேட்டியில், தன்னை இருபாலீர்ப்பாளன் என்று சொல்லிக்கொண்டது தான் செய்த பெரிய தவறு என்றார். அது அவர் உரிமை. கலைக்க வேடமே இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஜோப்ரயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹேர்’ இசை நாடகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் நடித்தவர். எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனம் அவருடைய முதல் ஆல்பத்தை 1973இல் வெளியிட்டது. தன்பாலீர்ப்பாளர் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொண்டே ஒரு பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தமான முதல் ராக் பாடகர்களில் ஒருவர் அவர். டைம்ஸ் சதுக்கத்தில் ராட்சத விளம்பரப் பலகை வைத்தார்கள். அடுத்த வருடம் இரண்டாவது ஆல்பம், அதுவும் விற்கவில்லை. அப்புறம் நியூயார்க்கின் செல்சி ஹோட்டல் மொட்டைமாடி அறையில் குடியிருந்துகொண்டு, வேறு பெயரில் சின்ன விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்தார். 1983இல் எய்ட்ஸ் அவரைக் கொண்டுபோனது. அப்போது அவருக்கு 36 வயது.

அதீத விளம்பரம்தான் அவரைக் கவிழ்த்தது என்பார்கள். பாதி உண்மை. போவியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது அவரை நிர்வகித்த மெயின்மேன் நிறுவனம் மட்டும் அடக்கமாகவா விளம்பரம் செய்தது? பந்தா ஒன்றுதான். ‘நிஜமாகவே அப்படியா, சும்மா சொல்கிறாரா’ என்று ரசிகர் ஊகிக்க போவி இடம் வைத்தார், ஜோப்ரயத் வைக்கவில்லை.

ஜேன் கவுண்டி ஜார்ஜியா மாநிலத்துக்காரர். 1969இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் போலீஸை எதிர்த்து எழுந்த ஸ்டோன்வால் கலவரத்தின்போது அங்கே இருந்தவர். ஓவியர் ஆண்டி வார்ஹோலின் ‘போர்க்’ நாடகத்தில் நடிக்க 1971இல் லண்டனுக்குப் போன குழுவில் அவரும் ஒருவர். போவி அந்தக் கூட்டத்தைப் பார்த்து வாய்பிளந்து நின்றவர்களில் ஒருவர். பிறகு அதே மெயின்மேன் ஜேனோடு ஒப்பந்தம் போட்டது. ஒரு ஆல்பம்கூட வெளியிடவில்லை. ராக் மேடையில் திருநங்கை என்று வெளிப்படையாக வாழ்ந்த முன்னோடி அவர்தான். லூ ரீடின் மிகப் பெரிய ஹிட்டான ‘வாக் ஆன் த வைல்ட் சைட்’ வார்ஹோல் வட்டத்துத் திருநங்கைகளையும் மற்றவர்களையும் பற்றிய பாட்டு. பாடியவரைச் சேர்த்தீர்கள். அதே வட்டத்திலிருந்து வந்து தானே பாடியவர் வெளியே நிற்கிறார்.

ஜிகினா பூசியவர்கள் எல்லாரும் விடுதலை வீரர்கள் என்று நான் சொல்லவில்லை. பல குழுக்களுக்கு உதட்டுச்சாயம் வெறும் கேலிக்கூத்து. அந்த அலையில் ஏறிய கேரி கிளிட்டர் சிறுமிகளுக்குச் செய்த கொடுமைக்காகச் சிறைக்குப் போனவர். பெண்களுக்கும் இந்தக் கொண்டாட்டத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. தோல் உடையும் பேஸ் கிட்டாருமாக 1973இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த சுசி குவாட்ரோ தனியாகத்தான் நின்றார். அவரைப் பார்த்து வளர்ந்த ஜோன் ஜெட்டுக்கு உங்கள் கதவு திறந்தது, அவருக்குத் திறக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

விற்பனை இல்லையே என்று சொல்லிவிடாதீர்கள். 2021இல் கில் ஸ்காட்-ஹெரனை விற்பனைக்காகவா சேர்த்தீர்கள்? முன்னோடிகளின் தாக்கத்துக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறீர்கள், அதற்குப் பெரிய வாக்கெடுப்பும் கிடையாது. பெண்களையும் கறுப்பினக் கலைஞர்களையும் மட்டம்தட்டிப் பேசியதை அடுத்து, உங்கள் நிறுவனர்களில் ஒருவரையே 2023இல் இயக்குநர் குழுவிலிருந்து நீக்கினீர்கள். அந்தத் துணிச்சலில் கால்பங்கு போதும்.

இருவரையும் ஒரே வருடத்தில் சேருங்கள். ஜோப்ரயத்தின் பாட்டை யாராவது பியானோவில் முழுதாகப் பாடட்டும், அரை நிமிடத் துணுக்கு வேண்டாம். ஜேனை மேடைக்கு அழைத்தால் பேச நிறைய நேரம் கொடுங்கள். மற்றவர்களைப் போல நன்றி சொல்லிவிட்டு இறங்குகிற ஆள் இல்லை அவர்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ரசிகன்