விலைப்பலகையில் டாலர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் அரங்கேற்றச் செய்தி படித்து இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாடி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், உன் பழைய கடிதங்கள் இருக்கும் பெட்டி மேலேயே கிடக்கிறது. மற்றபடி நலம்.

எந்த அரசும் வெளியிடாமல் கணினி வலையில் மட்டும் புழங்கும் பிட்காயினைப் பற்றி உன் மகன் சொன்னதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அரசாங்கப் பணத்தை நம்ப முடியாது, அதன் இடத்துக்குப் பிட்காயின் வந்துவிடும் என்கிறான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது நாமும் வங்கி வாசலில் நின்றவர்கள்தாமே? 2014இல் 60 ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைத்த டாலர் 2024 முடிவதற்குள் 85ஐத் தொட்டுவிட்டது. அரசாங்கப் பணம் கரையாது என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் கரையும் வேகத்தைப் பார்க்க வேண்டாமா? 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போன பிட்காயின், மறு நவம்பரில் 16,000க்கும் கீழே வந்தது. ஓய்வூதியக்காரனைக் கவிழ்க்க அந்த ஓராண்டு போதும்.

எல் சால்வடோர் கதையை அவனிடம் சொல். மத்திய அமெரிக்காவில், 2001 முதல் அமெரிக்க டாலரில் புழங்கும் நாடு அது. 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினையும் சட்டப்பூர்வப் பணமாக்கியது. உலகிலேயே முதல் நாடு. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது; அதற்கான கமிஷன் மிச்சமாகும் என்றார் அதிபர் நயீப் புக்கேலே. அரசு செயலியில் சேர்ந்தால் 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். பலர் அந்த முப்பதைச் செலவழித்ததோடு செயலியை மறந்துவிட்டார்கள்.

நான் ரசித்த இடம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கணக்கு எழுத டாலரே அளவு என்று அதிலேயே ஒரு பிரிவு! கடைக்காரர் பிட்காயினை வாங்கிக்கொண்டாலும் விலைப்பலகையில் இருந்தது டாலர்தான். சம்பளமும் வாடகையும் கடன் தவணையும் எதில் பேசப்படுகின்றனவோ, அதுதானே ஊரின் பணம்?

மொத்தம் 2.1 கோடிக்கு மேல் பிட்காயின் வராது என்பதை உன் மகன் பெரிய பலமாகச் சொல்கிறான். எனக்கு அதுவே குறையாகப் படுகிறது. வாங்க ஆள் கூடினாலும் குறைந்தாலும் அதற்காக இருப்பு மாறாது. ஆகவே ஆட்டமெல்லாம் விலையில். ரூபாய் தள்ளாடினால் ரிசர்வ் வங்கி டாலரை விற்றுத் தாங்கும், வட்டியை மாற்றும். சில சமயம் அதுவும் தடுமாறும். ஆனாலும் கேள்வி கேட்க ஓர் இடமாவது இருக்கிறது.

பிட்காயின் போன்ற கணினிப் பணங்களில், அதாவது கிரிப்டோவில், விலை ஆடாதவையும் உண்டே என்பான். டெதர் போன்றவை டாலரைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. டாலரை நம்பி நிற்பது டாலருக்கு எப்படி மாற்றாகும்? பெரும்பாலும் கணினிச் சூத்திரத்தையே நம்பி ஒரு டாலரில் நின்ற டெர்ரா, 2022 மே மாதத்தில் சில நாட்களில் சரிந்தது.

எல் சால்வடோர் 2024 டிசம்பரில் பன்னாட்டு நிதியத்திடம் 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பட்டது. அந்தக் கடனுக்கான நிபந்தனைப்படி அடுத்த மாதமே சட்டத்தைத் திருத்தி, பிட்காயினை ஏற்பது அவரவர் விருப்பம் என்றாக்கிவிட்டார்கள்.

மகன் தன் சம்பளத்தில் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும், வயது இருக்கிறது. லாபத்துக்கு 30 சதவீதம் வரி உண்டு, நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது என்பதை மட்டும் சொல்லிவை. உன் பணிக்கொடைப் பணத்தில் அவன் கைவைக்க விடாதே. அரங்கேற்றத் தேதி முடிவானதும் எழுது. ரயில் டிக்கெட் இப்போதெல்லாம் எளிதில் கிடைப்பதில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்