பயிற்சியாளர் நிர்வாகத்துக்குப் போனபின் களத்தில் யார் நிற்பார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் அணியின் நிர்வாகப் பொறுப்புக்கு மாறுவதை வரவேற்றுத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டெல்டா மாவட்டப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகவும் பின்னர் உடற்கல்வி இயக்குநராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றை எழுத விரும்புகிறேன். நல்ல பயிற்சியாளர் ஒருவர் நிர்வாகத்துக்குச் செல்வதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அவர் செல்லும் நாளிலேயே களத்தில் அவருடைய இடத்துக்கு முழுநேரமாக ஒருவர் வந்து நிற்க வேண்டும். சென்றவரும் பழைய வேலையைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. இவ்விரண்டும் நடக்காத இடங்களில் இந்த மாற்றத்தால் பெரும்பாலும் அணிக்கு இழப்பே நேர்ந்திருக்கிறது.

தங்கள் கட்டுரை புகழ்ந்திருந்த பிராட் ஸ்டீவன்ஸையே எடுத்துக்கொள்கிறேன். பட்லர் பல்கலைக்கழக அணியை 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான இறுதிப் போட்டி வரை கொண்டுசென்ற அவர், 2013இல், என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பயிற்சியாளரானார். எட்டுப் பருவங்களில் அந்த அணி மூன்று முறை கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றை எட்டியதே தவிர, என்.பி.ஏ. இறுதிச் சுற்றுக்கு ஒருமுறைகூட முன்னேறவில்லை. 2021 ஜூனில் அணியின் நிர்வாகத் தலைவர் டேனி எய்ஞ்ச் விலகியதும் ஸ்டீவன்ஸ் பயிற்சியாளர் பொறுப்பை விட்டுவிட்டு, கூடைப்பந்துச் செயல்பாடுகளின் தலைவராக அமர்ந்தார். அதே மாதத்தில் கெம்பா வாக்கரைக் கொடுத்து அல் ஹார்ஃபோர்டைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 2022 பிப்ரவரியில் டெரிக் வைட், 2023 ஜூனில் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ், அதே ஆண்டு பருவம் தொடங்கும் தறுவாயில் ஜூரூ ஹாலிடே என்று ஆட்களைச் சேர்த்தார். 2024இல் டல்லஸ் அணியை 4-1 என்ற கணக்கில் வென்று செல்டிக்ஸ் தன் 18ஆவது கோப்பையைப் பெற்றது.

கட்டுரை இந்தக் கோப்பையோடு நின்றுவிட்டது. என்னைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய இடம் அதற்கு ஓராண்டு முன்பே இருக்கிறது. போர்ஸிங்கிஸைப் பெறுவதற்காக ஸ்டீவன்ஸ் விட்டுக்கொடுத்தது மார்கஸ் ஸ்மார்ட்டை. 2014இல் அணிக்கு வந்த ஸ்மார்ட், ஏழு பருவங்கள் ஸ்டீவன்ஸின் பயிற்சியிலேயே ஆடி வளர்ந்தவர். 2022இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றவர். எல்லைக்கோட்டைத் தாண்டும் பந்துக்காகத் தரையில் பாய்ந்து விழத் தயங்காதவர். அப்படிப்பட்ட பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் ஒப்பாது. பயிற்சியாளருக்கு இன்றிரவு ஆட்டம் இருக்கிறது, எதிரணி இருக்கிறது, கையில் இருக்கும் ஆட்களை வைத்துத்தான் வென்றாக வேண்டும். நிர்வாகிக்கோ மூன்று ஆண்டு கழித்து யாருக்கு என்ன வயதாகும், யாருடைய ஒப்பந்தம் எப்போது முடியும், வீரர்களின் மொத்தச் சம்பளம் தொடர் குறித்த வரி வரம்பைத் தாண்டினால் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. கோப்பை வென்ற மறு ஆண்டே அணியின் முன்னணி வீரர் ஜேசன் டேட்டம் பலத்த காயமுற்றதும், அந்த வரிச் சுமையைக் குறைப்பதற்காக ஹாலிடேயையும் போர்ஸிங்கிஸையும் வேறு அணிகளுக்கு அனுப்பியவரும் இதே ஸ்டீவன்ஸ்தான்.

நம் பகுதி வாசகர்களுக்குச் சொல்வதென்றால், பயிற்சியாளர் வயலில் நின்று மடை திருப்புகிறவர்; நிர்வாகி மேட்டூரின் நீர்மட்டத்தைப் பார்த்து, ஜூன் 12இல் திறந்தால் குறுவை போகச் சம்பாவுக்கும் மிஞ்சுமா என்று கணக்கிடுகிறவர். இருவருக்குமே பயிர் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஒருவரே இரண்டு இடத்திலும் நிற்க முடியாது.

முயன்றவர்கள் உண்டு. டெட்ராய்ட்டில் ஸ்டான் வான் கண்டி 2014 முதல் 2018 வரை இரண்டு பொறுப்புகளையும் சேர்த்தே வகித்தார். அந்த நான்கு பருவங்களில் அணி ஒரே ஒருமுறை, பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குச் சென்று, அதிலும் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் திரும்பியது. மினசோட்டாவில் டாம் திபடோ 2019 ஜனவரியில் இரண்டு பொறுப்புகளிலிருந்தும் ஒன்றாக நீக்கப்பட்டார். இரண்டையும் வகித்துவந்த டாக் ரிவர்ஸிடமிருந்து 2017இல் கிளிப்பர்ஸ் அணியின் உரிமையாளர் நிர்வாகப் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பயிற்சியாளராகத் தொடரச் சொன்னார். சான் அன்டோனியோவில் கிரெக் போபோவிச் இரண்டையும் சேர்த்துப் பார்த்து வெற்றி கண்டாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவருக்கு ஆர்.சி. பியூஃபோர்டு என்ற பொது மேலாளர் 2002 முதல் உடனிருந்து, ஆட்களைத் தேடும் அன்றாட வேலையைத் தாம் சுமந்தார். அந்தப் போபோவிச்சும் 2025 மே மாதத்தில் பயிற்சியாளர் பொறுப்பைத் துறந்து தலைவராக மட்டும் இருக்க முடிவெடுத்தபோது, அவருடைய உடல்நலக் குறைவின்போது அணியை நடத்திவந்த மிட்ச் ஜான்சன் அந்த இடத்துக்கு ஆயத்தமாக நின்றார்.

அடுத்தவரை நிறுத்திவிட்டுப் போவது என்பதற்கு ரெட் ஆவர்பாக்கை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. செல்டிக்ஸ் அணிக்கு ஒன்பது கோப்பைகளைப் பெற்றுத் தந்தபின் 1966இல் அவர் பயிற்சியிலிருந்து விலகி நிர்வாகத்தில் அமர்ந்தார். தம் இடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது, அணியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்த பில் ரஸ்ஸலை. என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். ரஸ்ஸலின் கீழ் அந்த அணி 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையை வென்றது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நான் நன்கு அறிந்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், கூடைப்பந்துக்கென்றே வாழ்ந்த மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் உயரத்தை விளையாட்டுப் பொருள் அறையின் சுவரில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுவார். மறு ஆண்டு அதே பிள்ளையை அதே இடத்தில் நிறுத்திப் பார்ப்பார். வளையத்தில் வலை கிழிந்தால் நைலான் கயிறு வாங்கிவந்து தாமே முடிச்சுப் போடுவார். ஐப்பசி மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்தால், மழை விட்ட மறுநாள் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே கோடு போட்டு முடித்திருப்பார். அவருடைய திறமையை மெச்சி மாவட்ட அளவில் அலுவலகப் பொறுப்பு கொடுத்தார்கள். தகுதியானவருக்குக் கிடைத்தது என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் பள்ளியில் அவருடைய இடம் நிரப்பப்படவில்லை. அறைச் சாவி அலுவலக உதவியாளரிடம் போயிற்று, பந்துகள் காற்றிறங்கிக் கிடந்தன, மண்டலப் போட்டிக்குச் சென்றுவந்த மாணவியர் அணி வெகு சீக்கிரம் கலைந்தது. மாஸ்டருக்கும் அலுவலகத்தில் கூடைப்பந்து வேலை எதுவும் தரப்படவில்லை. ரசீதுகளைச் சரிபார்ப்பதும், விழாக்களுக்குப் பந்தல் ஏற்பாடு செய்வதும், தபாலுக்குப் பதில் எழுதுவதுமாகவே அவருடைய நாட்கள் கழிந்தன. ஒரே உத்தரவில் ஒரு பயிற்சியாளரையும் இழந்தோம், ஒரு நல்ல நிர்வாகியையும் உருவாக்காமல் விட்டோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

அவரைப் போன்றவர்களுக்கு நிர்வாகத்தில் செய்ய வேண்டிய வேலை நம் மாவட்டங்களில் எவ்வளவோ கிடக்கிறது. வேதாரண்யம் பக்கத்திலோ சீர்காழி பக்கத்திலோ எட்டாம் வகுப்பில் நெடுநெடுவென வளர்ந்து நிற்கும் ஒரு பெண்ணை, விளையாட்டு விடுதித் தேர்வு முடிந்துபோவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். விடுதிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம், நடவுக்கும் அறுப்புக்கும் போய்வரும் அந்தக் குடும்பத்தின் நிலைமையறிந்து உட்கார்ந்து பேச வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சிமென்ட் தளம் வழுக்கும், பிள்ளைகளின் முழங்கால் போய்விடும் என்பதை அறிந்தவர் போட்டிகளுக்கு நாள் குறிக்க வேண்டும்; கூரையுள்ள ஆடுகளம் எந்த ஊரில் அமைந்தால் பேருந்து வசதியோடு அதிகப் பள்ளிகள் வந்து ஆடலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் விசிலோடு வெயிலில் நின்ற ஒருவர் செய்வதுபோல வேறு யாரும் செய்ய முடியாது. அதனால்தான் பயிற்சியாளர்கள் நிர்வாகத்துக்கு வர வேண்டும் என்பதில் எனக்குத் தங்கள் கட்டுரையாளரோடு முழு உடன்பாடு.

2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியக் கூட்டமைப்புகளின் செயற்குழுவில் சாதனை படைத்த வீரர்களுக்கு இடம் அளித்திருக்கிறது. மாவட்டச் சங்கங்களிலும் வீரர்களோடு, பள்ளிக் களத்தில் நீண்டகாலம் பயிற்சி தந்தவர்களுக்கும் இடம் கிடைக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஓர் உடற்கல்வி ஆசிரியரை அலுவலகப் பணிக்கு மாற்றும் உத்தரவிலேயே, பள்ளியில் அவருக்குப் பதிலாக வருபவரின் பெயரும் பணியேற்கும் நாளும் இருக்க வேண்டும் என்று அரசு விதி செய்ய வேண்டும். பதிலாள் வரும்வரை மாற்றத்தை நிறுத்திவைப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் எத்தனை உடற்கல்வி ஆசிரியர் இடங்கள் காலியாக இருக்கின்றன, அவற்றில் எத்தனை இடங்கள் மாற்றுப்பணியால் காலியானவை என்ற விவரத்தைத் தங்கள் செய்தியாளர்கள் பள்ளிவாரியாகத் திரட்டி, வரும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்,
மன்னார்குடி.