'தொழில்' என்ற கட்டம் சின்னதாக இருக்கிறது

கலைஞர் நல உதவி மனுக்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் என் மனு திரும்பி வந்தது. 'மனுதாரர் பெயிண்டர், முழுநேரக் கலைஞர் அல்ல' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது. பெயிண்டர் என்பது உண்மைதான். 26 வருஷமாகக் கூத்தில் கர்ணன் வேஷம் கட்டுவதும் உண்மைதான்.

வடாற்காட்டுக் கூத்து உங்களுக்குத் தெரியாததல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனிவாக்கில் தொடங்கும் பாரதக் கூத்து ஆடி மாதத்தோடு ஓய்ந்துவிடும். அப்புறம் கருமாதிக்கு, கர்ணன் உயிர் விடும் கர்ண மோட்சம் கூத்தை ஆடக் கூப்பிட்டால் உண்டு. அடுத்த வீட்டுச் சாவை நம்பி உலை வைக்க முடியுமா? அதனால்தான் எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முகவீணை ஊதுகிறவர் பேரணாம்பட்டில் தோல் ஷாப்புக்குப் போகிறார். திரௌபதி குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறார். கோமாளி வேஷம் கட்டும் கட்டியங்காரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

போன வைகாசியில் ஒரு நாள். ராத்திரி 10 மணிக்குக் கட்டிய வேஷம். கர்ணன் உயிர் விடும்போது விடிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, பஸ் பிடித்து, 8 மணிக்குக் காட்பாடியில் சாரம் ஏறினேன். புஜக்கட்டைக் கயிறு இறுக்கிய தோள், பிரஷ்ஷைத் தூக்க மறுத்தது. காது மடலில் துடைக்காமல் விட்ட சிவப்பைப் பார்த்து மேஸ்திரி ரத்தம் என்று பதறிவிட்டார். தூக்கக் கலக்கத்தில் கால் தவறியிருந்தால் என் கருமாதிக்கு வேறு கர்ணனைத் தேட வேண்டியிருந்திருக்கும். அந்தக் கூலியில்தான் சலங்கைக்குப் புதுத் தோல் போட்டேன்.

வேறு வேலை பார்க்கிறார் என்பதற்காக மனுவைத் தள்ளாதீர்கள். கேட்பது அவ்வளவுதான்.

அரசு விழா என்றால் மட்டும் நாங்கள் முழுநேரக் கலைஞர்கள். விடிய விடிய ஆடுவதை 15 நிமிஷத்தில் முடிக்கச் சொல்கிறீர்கள். அர்ச்சுனன் அம்புக்கு நேரமில்லை. கர்ணன் மேல் லாரிதான் ஏற்ற வேண்டும். போர்த்திய பொன்னாடைகளில் கிரீடத்தைச் சுற்றி வைத்திருக்கிறேன், பத்திரமாக இருக்கிறது.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. நான் கூத்தாடியா என்று சந்தேகமிருந்தால் கோயில் தர்மகர்த்தாவைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு ராத்திரி வந்து உட்காருங்கள், பாய் நாங்கள் போடுகிறோம். வேறு வேலையைக் காரணம் காட்டி மட்டும் தள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மனுவை மறுபடி அனுப்பியிருக்கிறேன். 'தொழில்' என்ற கட்டத்தில் இந்த முறை இரண்டையும் எழுதியிருக்கிறேன். இடம் போதவில்லை, எழுத்து நெருக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வேலூர்ப் பக்கத்துக் கூத்துக்காரன்