கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எங்களை வளர்த்தவர்களுக்கு

அன்புள்ள வட்டார வள மைய ஆசிரியப் பயிற்றுநர்களுக்கும், ஒன்றாம் வகுப்பை விட்டுக்கொடுக்காமல் எடுத்துவரும் மூத்த ஆசிரியர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர் தின வாழ்த்தெல்லாம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களான எங்களுக்கே வருகிறது. அதில் பாதி உங்களுடையது. என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதினால்தான் நன்றிக்கு அர்த்தம் இருக்கும். அதனால் மடல் கொஞ்சம் நீளும்.

வகுப்பைப் பார்க்க வரும்போது உங்கள் நோட்டின் நடுவில் ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் ஆசிரியர் சொன்னது, வலப்பக்கம் பிள்ளைகள் செய்தது. கூடவே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு படம். யாரிடம் கேள்வி கேட்கப்பட்டதோ அங்கே ஒரு புள்ளி. பாடம் முடியும்போது முன்வரிசையும் நடுவரிசையும் புள்ளியால் நிறைந்திருக்கும், ஓரங்கள் வெறிச்சென்று கிடக்கும். அந்தப் படத்தை எங்கள் பக்கம் திருப்பி வைப்பீர்கள், அவ்வளவுதான். ஆயிரம் அறிவுரையைவிட அது உறைத்தது.

கேள்வி கேட்கும் முறையையே மாற்றினீர்கள். முதலில் கேள்வி, பிறகு மனசுக்குள் மூன்று எண்ணும் இடைவெளி, அதன் பிறகுதான் பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற பிள்ளைகள் யோசிப்பதை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர்கள் பதிலுக்காக ஏறக்குறைய ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்பதையும், 3 விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, மௌனமாக இருப்பவர்களும் வாய் திறக்கிறார்கள் என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டிவிட்டார். நீங்கள் அதை எங்கள் வகுப்பிலேயே நடத்திக் காட்டினீர்கள்.

கழித்தலுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 52-இல் 27 போனால் 35 என்று பிள்ளை எழுதினால், கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடிப்பதுதான் வழக்கம். “ஏன் 35 வந்துச்சுன்னு அவளையே கேளுங்க” என்றீர்கள். “ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டு போச்சு” என்கிறாள் பிள்ளை. அவள் கணக்கில் அது ஒழுங்கான விதி. 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்பது மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை. “பக்கத்து வீட்டுல கடன் வாங்கு” என்ற வாய்ப்பாட்டை எத்தனை முறை சொன்னாலும் அது வராது.

பழைய விளக்குமாற்று ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு பிள்ளைகளுக்கு 99 குச்சி. பத்துப் பத்தாகப் பிள்ளையே எண்ணி ரப்பர் பேண்ட் போட வேண்டும். நாம் கட்டிக் கொடுத்தால் அந்தக் கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பதைப் பிள்ளை நம்பாது. இரண்டு சுற்றுக்கு மேல் போட்டால் அவிழ்க்கவே நேரம் போய்விடும். 5 கட்டு, 2 உதிரி. ஏழு எடுக்க உதிரி போதவில்லை என்று கை தவிக்கும் அந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். பிள்ளையே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது 4 கட்டு, 12 உதிரி. மீதி 25. குச்சியை வைத்துப் பழகி, பிறகு சிலேட்டில் கோடு போட்டு, அதற்கும் பிறகுதான் எண்களை மேலும் கீழும் எழுத வேண்டும். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினாலும் 403-இல் 158 வரும்போது மாட்டிக்கொள்வோம். நடுவில் பூஜ்யம் இருப்பதால் நூறையே அவிழ்த்து 3 நூறு, 9 பத்து, 13 ஒன்று ஆக்க வேண்டும். அவிழ்த்துப் பழகாத பிள்ளை அங்கே 355 என்று எழுதிவிடும்.

வாசிப்பிலும் இதே பொறுமைதான். ‘கொ’வில் கண் முதலில் பார்ப்பது ஒற்றைக்கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது க்-ஐ. அதனால்தான் பிள்ளை “கெ… ஆ” என்று இழுக்கிறது. ‘கௌதாரி’யைக் “கெளதாரி” என்று படிப்பதும் அப்படித்தான், கொம்புக்கால் ‘ள’ போலவே இருக்கிறதே! கொம்பையும் காலையும் அட்டையால் மறைத்து க-வை மட்டும் காட்டி, பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்து ‘கொ’ என்று ஒரே ஒலியாகச் சொல்லவைக்கச் சொன்னீர்கள். அடுத்து கொடி–கோடி, தொடு–தோடு, கொல்–கோல். பொருள் மாறுவதைக் காதால் பிடித்த பிள்ளைக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்புவதில்லை.

2022-இல் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது, பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்பு நிலை) என்று ஒரே அறையில் மூன்று குழு. மலர் குழுவுக்கு முதலில் நீளமான வேலை, மொட்டுக்கு அடுத்து, கடைசியில் அரும்போடு தரையில் உட்காருங்கள் என்றீர்கள். வரிசையை மாற்றினால் பத்தே நிமிடத்தில் வகுப்பு சந்தையாகிவிடும்.

பிள்ளைகள் முன்னால் நீங்கள் ஒருநாளும் எங்களைத் திருத்தியதில்லை. மணி அடித்த பிறகு வேப்பமரத்தடியில் பேசுவீர்கள், அதுவும் ஒரே ஒரு விஷயம். அடுத்த வருகையில் அதை மட்டும் பார்ப்பீர்கள். எட்டுக் குறை எழுதிக் கொடுத்திருந்தால் எட்டையும் செய்திருக்க மாட்டோம்.

உங்களுக்குப் படிவங்களும் பதிவேற்றங்களும் எவ்வளவு என்று தெரியும். அதற்கிடையிலும் ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்தீர்கள். உங்களை வகுப்பறைக்கு இன்னும் அதிகமாக அனுப்ப வேண்டும் என்பதை அதிகாரிகள் முன்னும் நாங்கள் சொல்லத் தயார்.

இந்த வாரம் மூன்றாம் வகுப்பில் நூறின் கட்டு தொடங்குகிறோம். குச்சி தயார். நேரம் கிடைத்தால் வாருங்கள், கடைசி பெஞ்ச் உங்களுக்குத்தான்.

நன்றியுடன்,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்