டிப்ரன்சியல் கவர் மாட்டுறதுல அவசரம் வேணாம்ங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

ஏற்காடு மலைல இருக்குற நாகலூர்ல இருந்து சேலத்துக்கு காபிக்கொட்டை, மிளகு ஏத்திட்டுப் போற ஜீப்காரன் எழுதுறேன். போன வாரம் மலை ரோட்டுல எட்டாவது பெண்டுல எங்க ஊர்ப் பக்கத்துப் பையன் பைக்கோட சறுக்கி விழுந்தான், தூறல் வேற, ஓடிப்போய் தூக்கிவிட்டுப் பாத்தா ரோட்டுல கலர் கலரா ஆயில் படர்ந்து கெடக்கு, தொட்டு மோந்தா கந்தக வாடை, கியர் ஆயிலேதான். எனக்குப் பதறிப்போச்சு, ஏன்னா ரெண்டு மாசம் முன்னாடி என் வண்டியும் இதே ரோட்டுல ஒழுகிட்டுத்தான் ஓடுச்சு.

சேலத்துல ஒரு பட்டறைல பின்னாடி டிப்ரன்சியல் கவருக்கு, அதான் பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்குற பல்சக்கரப் பெட்டியோட மூடிக்கு, பேக்கிங் (ஆயில் ஒழுகாம இடையில வைக்கிறது) மாத்தக் குடுத்தேன். சாயங்காலமே லோடு ஏத்தணும்னு நானும் அவசரப்படுத்துனேன், அது என் தப்புதான். அவங்க பழைய பேக்கிங்க சுரண்டாம அது மேலயே சிலிகான் பேஸ்ட்ட அப்பி, போல்ட்ட ஒரு பக்கமா வரிசையா முறுக்கி, கையோட 90 நம்பர் கியர் ஆயில ஊத்தி அனுப்பிட்டாங்க. மூணாம் நாளே சொட்ட ஆரம்பிச்சிருச்சு.

அப்புறம் அடிவாரத்துல ஒரு பெரியவரு கழட்டிப் பாத்தாரு. கவர், அது உக்கார்ற ஹவுசிங் ரெண்டு முகத்தையும் இரும்பு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் சுரண்டி, பெட்ரோல் போட்டுத் தொடச்சு, வெரல வச்சுப் பாத்து பிசுக்கு இல்லைன்னு தெரிஞ்ச பொறகுதான் பேஸ்ட்டையே எடுத்தாரு. எங்கயும் அறுபடாம ஒரே கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா சுத்தி வந்துச்சு. போல்ட்ட மொதல்ல கையால, அப்புறம் எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குனாரு. ஆயில் நாளைக்குத்தான், ராத்திரி பூரா காயட்டும்னுட்டாரு. காலைல சம தரைல நிறுத்தி, ஊத்துற ஓட்டை விளிம்புல வழியுற வரைக்கும் ஊத்துனோம்.

இன்னொண்ணு, ஆக்சில் மேல இருக்குற பிரீதர், அதான் உள்ள இருக்குற காத்து வெளிய போற சின்னத் தொளை, சேறு அடைச்சுக் கெடந்துச்சு. மேடு ஏறுறப்ப உள்ள சூடாகி காத்து விரியும், வெளிய போக வழி இல்லன்னா ஆயிலத்தான் நெட்டித் தள்ளும், "இத விட்டுட்டு நீ எத்தன தடவ பேஸ்ட் போட்டாலும் ஒழுகும்டா தம்பி"ன்னாரு. அதக் கழட்டி ஊதிப் பாக்க ரெண்டு நிமிசம் ஆகுமா? மொதப் பட்டறைல யாருமே பாக்கல.

பட்டறைக்காரங்க, ஜீப், பிக்கப் ஓட்டுற அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும் கேட்டுக்கிறேன், இந்த வேலைன்னா வண்டிய ஒரு ராத்திரி நிறுத்தி வைங்க, மறுநாள் அடியில ஒரு அட்டைய விரிச்சு சொட்டு விழுதான்னு பாத்துட்டு மலை ஏறுங்க. 20 பெண்டு இருக்குற ரோடுங்க இது. ஒரு நாள் வாடகை போனாப் போகட்டும், அந்தப் பையன் முழங்கை ஒடஞ்சு இன்னும் கட்டோடதான் இருக்கான்.

இப்படிக்கு,
ஜீப் ஓட்டுநர், நாகலூர், ஏற்காடு